நிழலால் அளந்த கோள்கள்

திங்கள் உரோகிணியோடு கூடும் நாளை மணத்திற்கு உகந்த நாளாகப் பழந்தமிழர் கருதினர். அகநானூற்றின் 136ஆம் பாடல் இவ்வழக்கத்திற்குச் சான்று. ஏறத்தாழ 65 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள செந்நிற விண்மீனே உரோகிணி. வானில் நிலவு செல்லும் பாதைக்கு அருகில் அது அமைந்திருப்பதால், சில ஆண்டுகளில் நிலவு அதன் பக்கத்தில் வருவதோடு நில்லாமல் அதனை மூடியே சென்றுவிடுகிறது. 2015 தொடக்கம் முதல் 2018 செப்டம்பர் வரை மாதந்தோறும் இவ்வாறு நிகழ்ந்தது. ஒவ்வொரு முறையும் உலகின் ஏதேனும் ஒரு பகுதியில் நின்றவர்களுக்கு அது புலப்பட்டது. நிலவின் விளிம்பு தொட்டவுடன் உரோகிணி மெல்ல மங்குவதில்லை. விளக்கை அணைத்தாற்போல் சட்டென மறைகிறது.

விண்பொருள் ஒன்று, தனக்குப் பின்னே நெடுந்தொலைவில் உள்ள விண்மீனின் ஒளியைத் தடுத்து நிற்பதே விண்மீன் மறைப்பு ஆகும். நிலவு மட்டுமன்றிக் கோள்களும் அவற்றின் துணைக்கோள்களும் குறுங்கோள்களும் விண்மீன்களை மறைக்கின்றன. மறைப்பு தொடங்கும் நொடியையும் முடியும் நொடியையும் குறித்துக்கொண்டால் மறைத்த பொருளின் அளவை அறியலாம். பல இடங்களிலிருந்து குறித்தால் அதன் வடிவத்தையும் அறியலாம். இம்முறையின் வரலாற்றில் தமிழ்நாட்டு மலையூர் ஒன்றுக்கு நிலையான இடம் உண்டு.

விகலையும் நொடியும்

தொலைநோக்கியில் ஒரு கோளைப் பார்த்து அதன் அகலத்தை அளந்துவிட்டால் போதாதா என்னும் வினா இயல்பாக எழும். யுரேனஸ் கோளை எடுத்துக்கொள்வோம். 1781இல் வில்லியம் எர்செல் கண்டறிந்த இக்கோள், புவிக்கு நெருங்கி வரும்போதும் சுமார் 270 கோடி கி.மீ. தொலைவில் உள்ளது. ஒரு பாகையை 60 கலைகளாகவும், ஒரு கலையை 60 விகலைகளாகவும் பகுப்பர். யுரேனஸின் தோற்ற அகலம் ஏறத்தாழ 4 விகலை. 25 மி.மீ. அகலமுள்ள நாணயம் ஒன்றை 1.3 கி.மீ. அப்பால் வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு சிறிதாகத் தோன்றுமோ, அவ்வளவே இக்கோளின் தோற்றமும்.

போதாததற்கு, புவியின் காற்றுமண்டலம் ஓயாமல் அலைவதால் தொலைநோக்கியில் தெரியும் உருவமும் நடுங்குகிறது. விளிம்பு எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று துல்லியமாகச் சொல்ல இயலாது. அளப்பவர் ஒரு விகலையில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே தவறினார் என்று வைத்துக்கொண்டாலும், யுரேனஸின் தொலைவில் அது 1300 கி.மீ. பிழையாகிவிடும். புவியின் விட்டத்தில் அது பத்தில் ஒரு பங்கு!

விண்மீன் மறைப்பு இச்சிக்கலை வேறு வழியில் தீர்க்கிறது. கதிரவன் அகன்ற ஒளிமூலம். எனவே அதன் ஒளியில் விழும் நிலவின் முழுநிழல் வரவரக் குறுகி, கூம்பு போல ஒரு முனையில் முடிகிறது. விண்மீனோ அளவிறந்த தொலைவில் இருப்பதால் ஒரு புள்ளியே. அதன் கதிர்கள் இணைகோடுகளாக வருகின்றன. ஆகவே விண்மீன் ஒளியில் ஒரு கோளின் நிழல் குறுகுவதில்லை. கோள் எவ்வளவு அகலமோ, புவியை வந்தடையும் நிழலும் அவ்வளவு அகலம். 270 கோடி கி.மீ. அப்பால் உள்ள பொருளின் முழு அளவுப் படி ஒன்று புவியின் மீது ஓசையின்றி ஊர்ந்து செல்கிறது.

அந்நிழல் எவ்வளவு விரைவாகச் செல்லும் என்பதைப் புவியின் இயக்கத்தையும் கோளின் இயக்கத்தையும் கொண்டு முன்னரே கணக்கிடலாம். நொடிக்கு 20 கி.மீ. விரைவில் நிழல் செல்கிறது எனக் கொண்டால், காலத்தைக் குறிப்பதில் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு பிழை நேர்ந்தாலும் அளவில் 2 கி.மீ. தவறு மட்டுமே வரும். 1300 கி.மீ. எங்கே, 2 கி.மீ. எங்கே! கோணத்தை அளக்கும் அரிய வேலை, காலத்தை அளக்கும் எளிய வேலையாக மாறிவிடுகிறது. ஒளி பொருளின் விளிம்பில் சற்றே வளைந்து பரவும் இயல்புடையது. அதனால் யுரேனஸின் தொலைவில் ஏறத்தாழ ஒரு கி.மீ.க்கும் நுண்ணிய அளவை எளிதில் பெற இயலாது என்னும் எல்லை உண்டு.

காவலூரில் முதல் அளவு

திருப்பத்தூர் மாவட்டத்தில், சவ்வாது மலையில், சுமார் 725 மீட்டர் உயரத்தில் உள்ளது காவலூர். நகர விளக்குகளின் ஒளி தீண்டாத இருண்ட வானம் வேண்டும். தென்வானத்து விண்மீன்களும் தெரிய வேண்டும் என்று தேடி, வானியலறிஞர் வைணு பாப்பு இவ்விடத்தைத் தேர்ந்தார். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் இங்குப் பணி தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி நிறுவப்பட்டது.

அவ்வாண்டு சூன் 7 அன்று வியாழனின் துணைக்கோளான கானிமீடு ஒரு மங்கிய விண்மீனை மறைத்தது. அந்நிகழ்வு காவலூரிலும் இந்தோனேசியாவின் சாவகத் தீவில் உள்ள இலெம்பாங்கிலும் பதிவு செய்யப்பட்டது. இரு பதிவுகளையும் இணைத்துக் கானிமீடின் விட்டம் 5270 கி.மீ. எனக் கணக்கிட்டனர், உண்மை அளவு இதைவிட 30 கி.மீ. கூடுதலாகவோ 200 கி.மீ. குறைவாகவோ இருக்கலாம் என்றும் குறித்தனர். பிற்காலத்தில் விண்கலங்கள் அருகில் சென்று அளந்த விட்டம் சுமார் 5268 கி.மீ.

அதே பதிவில் இன்னொன்றும் தென்பட்டது. விண்மீன் ஒரே கணத்தில் மறையாமல் சிறிது நேரம் எடுத்துக்கொண்டது. காற்றில்லாத பொருளின் விளிம்பு கத்தி போல ஒளியை வெட்டும். வளிமண்டலம் உடைய பொருளோ ஒளியை விலக்கிப் பரப்பி, படிப்படியாக மங்கச் செய்யும். இதனைக் கொண்டு கானிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் உண்டு என்று ஆய்வாளர் அறிவித்தனர். 1979இல் வாயேசர் 1 விண்கலம் ஆராய்ந்தபோது, 1972இல் கருதிய அளவுக்கு அங்கு வளி இல்லை என்பது தெரிந்தது. மிக மிக மெல்லிய உயிர்வளிப் படலம் ஒன்று அங்கு இருப்பதைப் பின்னர் அபிள் விண்வெளித் தொலைநோக்கி காட்டியது. ஒரே பதிவு நீளத்தைச் சரியாகச் சொல்லிவிட்டு, வளியைப் பற்றி மிகையாகச் சொல்லியிருந்தது. மறைந்த நொடிகளை எண்ணுவதைவிட, மங்கிய விதத்திற்குப் பொருள் காண்பது கடினம்.

காவலூர், செம்மேடு, ஏற்காடு

மறைப்பிலிருந்து அளவு பிறக்கும் முறையை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். வட்டத்தின் குறுக்கே வரையப்படும் நேர்க்கோட்டை வடிவியலில் நாண் என்கிறோம். வில்லின் நாணிலிருந்து வந்த பெயர் அது. நிழல் ஓர் ஊரைக் கடக்கும்போது, அவ்வூர் நிழலின் குறுக்கே ஒரு நாணை வரைகிறது எனலாம். மறைப்பு நீடித்த நொடிகளை நிழலின் விரைவால் பெருக்கினால் அந்நாணின் நீளம் கிடைக்கும்.

இனி, குறுங்கோள் ஒன்றின் நிழல் மேற்கிலிருந்து கிழக்காக, நொடிக்கு 10 கி.மீ. விரைவில் தமிழ்நாட்டைக் கடப்பதாகக் கற்பனை செய்க. காவலூரில் விண்மீன் 20 நொடி மறைகிறது. எனவே அங்கு நாணின் நீளம் 200 கி.மீ. இந்த ஒரு பதிவு மட்டுமே கையில் இருந்தால் என்ன சொல்ல முடியும்? குறுங்கோளின் விட்டம் 200 கி.மீ.க்குக் குறையாது என்று மட்டுமே சொல்லலாம். நிழலின் நடுப்பகுதி காவலூர் மீது சென்றதா, ஓரப்பகுதி சென்றதா என்பதை அந்த 20 நொடி கூறாது. ஓரப்பகுதி எனில் விட்டம் 500 கி.மீ.யாகவும் இருக்கலாம்.

ஆகவே இரண்டாம் இடம் ஒன்று தேவை. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில், எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, வல்வில் ஓரியின் சிலை நிற்கும் செம்மேடு அதற்கு ஏற்ற ஊர். காவலூருக்கு ஏறத்தாழ 145 கி.மீ. தெற்கே உள்ளது எனக் கணக்கிற்காகக் கொள்க. செம்மேட்டில் அதே விண்மீன் 16 நொடி மறைந்தது என்றால் அங்கு நாணின் நீளம் 160 கி.மீ. நிழல் ஒரு வட்டம் எனக் கருதினால், இரு நாண்களின் பாதி நீளங்கள் முறையே 100, 80. அவற்றுக்கு இடையே உள்ள தொலைவு 145. பிதாகரசு தேற்றத்தைப் பயன்படுத்தினால், நிழலின் மையம் காவலூருக்கு 60 கி.மீ. தெற்கே அமைகிறது, ஆரம் சுமார் 117 கி.மீ. ஆகிறது. ஓர் ஊரின் பதிவில் எல்லையின்றிக் கிடந்த விட்டம், இரண்டாம் ஊரின் பதிவால் 233 கி.மீ. என்று முடிவாகிவிட்டது.

ஆனால் நிழல் வட்டம்தான் என்று யார் சொன்னது? அதை அறிய மூன்றாம் இடம் வேண்டும். சேர்வராயன் மலையில் உள்ள ஏற்காடு இவ்விரண்டுக்கும் இடையே, காவலூருக்குச் சுமார் 89 கி.மீ. தெற்கே உள்ளது. நிழல் வட்டமாயின் ஏற்காட்டில் மறைப்பு 22.6 நொடி நீடிக்க வேண்டும். அங்கே 25 நொடி பதிவானால் வட்டம் என்னும் கருத்தைக் கைவிட்டே ஆக வேண்டும். அக்குறுங்கோள் நீண்டதாகவோ நசுங்கியதாகவோ உள்ளது. இரண்டு நாண்கள் அளவைத் தரும். மூன்றாவது நாண் அந்த அளவைச் சோதிக்கும். நாண்கள் பெருகப் பெருக உருவம் தெளியும்.

யுரேனஸ் மறைக்காத விண்மீன்

1977 மார்ச்சு 10 அன்று, துலாம் விண்மீன் குழுவில் எஸ்.ஏ.ஓ. 158687 என்று பட்டியலிடப்பட்ட, வெறுங்கண்ணுக்குத் தெரியாத விண்மீன் ஒன்றை யுரேனஸ் மறைக்கும் என இங்கிலாந்து வானியலறிஞர் கார்டன் டெய்லர் முன்கூட்டியே கணித்திருந்தார். யுரேனஸின் விட்டத்தையும் அதன் வளிமண்டலத்தையும் அறிய இது நல்ல வாய்ப்பு. அமெரிக்க ஆய்வாளர் சேம்சு எலியட்டும் அவருடைய குழுவினரும் கைப்பர் பறக்கும் ஆய்வகத்தில் ஏறித் தென் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்தனர். ஏறத்தாழ 91 செ.மீ. தொலைநோக்கி பொருத்திய வானூர்தி அது. ஆத்திரேலியாவின் பெர்த்தில் ஒரு குழுவும், நம் நாட்டில் நைனிதாலிலும் காவலூரிலும் குழுக்களும் காத்திருந்தன.

காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கியின் பொறுப்பில் இருந்தவர்கள் ஜெ.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும். நிழலின் வட விளிம்பு எங்கே விழும் என்பதில் ஐயம் இருந்தது. விண்மீனின் இருப்பிடத்தைப் புதிதாக அளந்தபோது, நிழல் முதலில் கருதியதைவிடத் தெற்கே விலகிச் செல்லும் என்று தெரிந்தது. காவலூரில் விண்மீன் மறையாமலே போகலாம். அப்படியே ஆயிற்று; கோள் அவ்விண்மீனைக் காவலூருக்கு மறைக்கவில்லை.

ஆயினும் பதிவு வீண்போகவில்லை. கோள் விண்மீனை நெருங்குவதற்கு முன்னரே ஒளியளவி இயங்கிக்கொண்டிருந்தது. நள்ளிரவுக்குப் பின், எதிர்பார்த்த வேளைக்கு வெகுநேரம் முன்னதாக, விண்மீனின் ஒளி சில நொடிகள் சரிந்து மீண்டும் எழுந்தது. மேகம் கடந்திருந்தால் கோளின் ஒளியும் சேர்ந்து மங்கியிருக்கும்; சரிவின் தொடக்கமும் முடிவும் அவ்வளவு செங்குத்தாக இரா. ஏதோ ஒரு பொருள் விண்மீனை மறைத்திருக்கிறது. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அதனை யுரேனஸின் புதிய துணைக்கோள் எனக் கருதி, அவ்வாறே ‘நேச்சர்’ இதழில் எழுதினர். ஒரே ஓர் இடத்தின் பதிவைக் கொண்டு பார்த்தால் அம்முடிவு பொருத்தமானதே. சில நொடி மறைப்பு என்பது சில பத்துக் கி.மீ. அளவுள்ள பொருளைக் காட்டும். அவ்வளவு சிறிய பொருள் துணைக்கோளாக இருக்கத் தடையில்லை.

வானூர்திக் குழுவின் பதிவும் அத்தகையதே. யுரேனஸ் மறைப்பதற்கு அரை மணி நேரத்திற்கும் மேலாக முன்னர்த் தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து சரிவுகள். யுரேனஸ் விண்மீனை விட்டு விலகிய பின், மறுபுறத்திலும் சரிவுகள். கொல்லிமலைத் தலைவன் ஓரி எய்த ஒரே அம்பு ஐந்து விலங்குகளை ஊடுருவியதாகப் புறநானூறு கூறும். இங்கே ஒரே விண்மீன் கதிர் ஐந்து பொருள்களில் பட்டுப் பட்டு வந்திருக்கிறது.

அப்பொருள்கள் துணைக்கோள்கள் என்றால் ஒரு தடை எழுகிறது. சில பத்துக் கி.மீ. அகலமுள்ள துணைக்கோளின் நிழல், புவியின் மீது அதே அளவு அகலமுள்ள ஒரு குறுகிய பட்டையாகத்தான் விழும். காவலூரும், இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியும், பெர்த்தும் ஒன்றுக்கொன்று ஆயிரக்கணக்கான கி.மீ. அப்பால் உள்ளவை. ஒரே குறுகிய பட்டை இம்மூன்றையும் எவ்வாறு தொட்டது? மேலும், யுரேனஸின் ஒருபுறம் எத்தொலைவில் சரிவுகள் நேர்ந்தனவோ, மறுபுறமும் ஏறக்குறைய அதே தொலைவுகளில் நேர்ந்தது எவ்வாறு? குறுகியதாகவும் அதே வேளையில் கோளைச் சுற்றி நெடிதாகவும் உள்ள பொருள் ஒன்றே ஒன்றுதான், அது வளையம். சனிக்கு மட்டுமே வளையம் உண்டு என்று மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக நிலவிய எண்ணம் அன்று முடிவுக்கு வந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் பட்டாச்சார்யாவும் வைணு பாப்புவும் காவலூர்ப் பதிவை மீண்டும் ஆராய்ந்து, யுரேனஸைச் சூழ்ந்துள்ள வளைய அமைப்பைப் பற்றி அதே இதழில் எழுதினர்.

வளையங்களின் வடிவமும் நொடிக் கணக்கிலேயே தெளிந்தது. பெரும்பாலானவை இருபுறமும் சம தொலைவில் இருக்க, எப்சிலான் எனப் பெயரிடப்பட்ட வெளி வளையம் மட்டும் ஒத்துவரவில்லை. அது வட்டம் அன்று, நீள்வட்டம். அதன் அகலமும் எங்கும் ஒன்றாக இல்லை, 20 கி.மீ.யிலிருந்து 96 கி.மீ. வரை மாறுகிறது. யுரேனஸின் மையத்திலிருந்து 51,000 கி.மீ.க்கும் அப்பால் உள்ள இந்த மெல்லிய வளையத்தை அன்றைய எந்தத் தொலைநோக்கியும் படம் பிடித்துக் காட்டியிருக்க முடியாது. 1986 சனவரி 24 அன்று வாயேசர் 2 விண்கலம் யுரேனஸைக் கடந்தபோது எடுத்த படங்களில் வளையங்கள் தெளிவாகத் தெரிந்தன.

உருண்டை அல்லாத உலகங்கள்

யுரேனஸ் முழு உருண்டை அன்று. ஏறத்தாழ 17 மணி நேரத்தில் தன்னைத்தானே சுற்றிவிடும் வளிக்கோள் ஆதலால், நடுப்பகுதி பிதுங்கித் துருவப் பகுதிகள் தட்டையாகியுள்ளன. நடுக்கோட்டு ஆரம் 25,559 கி.மீ.; துருவ ஆரம் 24,973 கி.மீ. புவியில் இவ்வேறுபாடு சுமார் 21 கி.மீ. மட்டுமே. எவ்வளவு தட்டை என்பதைக் கொண்டு, கோளின் உள்ளே பொருள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளது என்பதை ஊகிக்கலாம். ஆதலால் இந்த 586 கி.மீ. வானியலாருக்கு வெறும் புள்ளிவிவரம் அன்று.

வளிக்கோளுக்குக் கடினமான தரை இல்லை. விளிம்பு எது என்பதையே முதலில் வரையறுக்க வேண்டும். விண்மீனின் ஒளி பாதியாகக் குறையும் இடத்தை ஓர் அடையாளமாகக் கொண்டு நாண்களை வரைவர். வளிமண்டலம் வேறொரு விந்தையும் செய்கிறது. 1976 ஏப்ரல் 8 அன்று செவ்வாய், மிதுனத்தில் உள்ள ஒரு விண்மீனை மறைத்தது. மறைப்பின் நடுவில், விண்மீன் முற்றிலும் மறைந்திருக்க வேண்டிய வேளையில், ஒளி திடீரெனப் பளிச்சிட்டது. செவ்வாயைச் சூழ்ந்த வளி ஒரு வில்லை போலச் செயல்பட்டு, எல்லாப் பக்கத்து ஒளியையும் நிழலின் மையத்தில் குவித்திருந்தது. வளிமண்டலம் சரியான வட்டமாயின் ஒளி ஒரு புள்ளியில் குவியும். தட்டையாயின் குவியும் இடமும் விரியும். ஆகவே அப்பளிச்சீடும் வடிவத்தின் சான்றாகிறது.

வடிவத்தை நாண்கள் எவ்வளவு நுட்பமாகக் காட்டும் என்பதற்கு அரோகாத்து நல்ல சான்று. கதிரவனிலிருந்து 600 கோடி கி.மீ.க்கும் அப்பால் உள்ள இச்சிறு பொருளின் நீளம் சுமார் 36 கி.மீ. 2017 சூலை 17 அன்று அதன் நிழல் அர்செந்தீனாவின் தென்பகுதியில் விழுந்தது. 24 தொலைநோக்கிகளை நிழற்பாதைக்குக் குறுக்கே வரிசையாக நிறுத்தினர். கடும் காற்று, ஊர்திகளை மறைப்பாக நிறுத்திக் கருவிகளைக் காத்தனர். ஊர்மக்கள் தெருவிளக்குகளை அணைத்து, நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் போக்குவரத்தை நிறுத்தினர். ஐந்து தொலைநோக்கிகளில் விண்மீன் மறைந்தது, அதுவும் ஒரு நொடி அளவே. அந்த ஐந்து நாண்களை அடுக்கிப் பார்த்தபோது ஓர் உருண்டை தோன்றவில்லை. ஒட்டிய இரு உருண்டைகள் போன்ற உருவம் தோன்றியது. 2019 சனவரி 1 அன்று நியூ ஒரைசன்சு விண்கலம் அருகில் சென்று எடுத்த படத்தில், இரு மடல்கள் ஒட்டிய அதே உருவம் இருந்தது.

கையா விண்கலம் கோடிக்கணக்கான விண்மீன்களின் இருப்பிடங்களை மிக நுட்பமாக அளந்திருப்பதால், எந்த நிழல் எவ்வூரைக் கடக்கும் என்று இப்போது முன்னைவிடத் துல்லியமாகக் கணிக்கலாம். 1977இல் ஏற்பட்டது போல ஆயிரம் கி.மீ. அளவிலான தடுமாற்றம் பெரிதும் குறைந்துவிட்டது. மறைப்பைப் பதிவு செய்யப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. சிறிய தொலைநோக்கி, ஒளியைப் பதியும் படக்கருவி, செயற்கைக்கோளிலிருந்து வரும் துல்லியமான நேரம் ஆகியவை இருந்தால், செம்மேட்டு மாணவர் ஒருவரும் ஒரு குறுங்கோளின் குறுக்கே ஒரு நாணை வரையலாம். குறித்த நொடியில் விண்மீன் மறையாமல் ஒளிர்ந்துகொண்டே இருந்தாலும் அதை எழுதி அனுப்ப வேண்டும். நிழல் அவ்வூரை எட்டவில்லை என்பதே, அப்பொருளின் விளிம்பு அதற்கு முன்பே முடிந்துவிட்டது என்பதற்கான அளவு.